வெள்ளை மூடி ஆறு பேர்

ஆறு பேரை மட்டும் ஏன் கேட்க வேண்டும். பீடிக்கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையில் செருகிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, பிரம்மசக்தி காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமும் இல்லை, தனக்குள்ளேயே. நாற்பது பேர் இருக்கிறார்கள். பீடி சுற்றிச் சுற்றித் தோள்பட்டையும் பிடரியும் போன நாற்பது பொம்பளைகள். இருபது பேருக்குச் சிவப்பு மூடி போட்ட பாட்டில், இருபது பேருக்கு வெள்ளை மூடி. ஒன்றில் மருந்து எண்ணெய். இன்னொன்றில் மருந்தே இல்லாத வெறும் எண்ணெய், நிறமும் வாசமும் ஒன்றுபோலவே இருக்கும்படி ஆக்கியது. எது எதில் என்று தேய்க்கிறவளுக்கும் தெரியாது, கேட்கிறவளுக்கும் தெரியாது. கேட்கிறவள் சக்தி. வாரம் ஒரு தடவை போய், வலி எவ்வளவு இருக்கு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க என்று கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு வாரம் எழுதினாள், நூற்று அறுபது நம்பர், ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. முந்தாநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். இன்றைக்குக் காலையில் ஆபீஸில் நம்பர்களைச் சேர்த்துப் பார்க்கிற ஜெபக்கனி அக்கா போன் பண்ணுகிறாள். "சக்தி, ஆறு பேரு நம்பர் மட்டும் கொஞ்சம் இடிக்குது பிள்ள. அவங்களுக்குக் கேள்வி புரியலன்னு நெனக்கேன். பீடி குடுக்க கடைக்கு வருவாங்கல்ல, அங்க வச்சு நிதானமா கேட்டு மாத்தி எழுதிக் குடுத்துரு." கேட்டு எழுது இல்லை. கேட்டு மாத்தி எழுது. சரிக்கா என்று இவளும் சொல்லிவிட்டாள், அதுதான் வயிற்றெரிச்சல், போனை வைத்த பிறகுதான் அந்த ஆறு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். ஆறும் வெள்ளை மூடி. ஆறு பேருமே வலி நல்லாக் குறைஞ்சிருக்கு என்று சொன்னவர்கள். வெள்ளை மூடிக்காரிக்கு வலி குறைந்தால் அது ஏன் ஜெபக்கனி அக்காவுக்கு இடிக்க வேண்டும்? வெள்ளை மூடிதான் வெறும் எண்ணெய், வேறென்ன. அக்கா வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள். சிவப்பு மூடியில் ஏழெட்டுப் பேருக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது, அவர்களுக்கெல்லாம் கேள்வி புரிந்துவிட்டதாக்கும்.

கேள்வி புரியலையாம். முப்பது வருஷமாகப் பார்க்காமலே விரலால் எண்ணி இருபத்தஞ்சு இருபத்தஞ்சாகக் கட்டுப் போடுகிறவர்கள். டிவியில் நாடகம் ஓடும், அடுப்பில் குழம்பு கொதிக்கும், வாய் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும், கட்டில் ஒரு பீடி கூடாது, குறையாது. அவர்களுக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியாமல் போய்விட்டது. வெயில் கடை வாசலில் பாதி பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து புகையிலைத் தூள் நெடி மூக்கில் ஏறியது, பிறந்ததிலிருந்து இதே நெடிதான், ஆனாலும் கோபம் வந்தால் மட்டும் தும்மல் வரும் அவளுக்கு. தும்மினாள். வரிசையில் ஏழு பேர் தட்டோடு நின்றார்கள், ஆறு பேரில் யாரும் இன்னும் வரவில்லை. வராமலே இருந்தால் நல்லது. கடை அடைத்துவிட்டால் நல்லது. இல்லை, வரட்டும். வந்தால் என்ன கேட்பது? பயிற்சி நாளன்றைக்கு நாச்சியார் மேடம் சொன்னது சொல் மாறாமல் நினைவிருந்தது, இந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் அந்த மேடம்தான், ஒல்லியாக, கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொண்டு. "எது மருந்துன்னு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சிக்கவும் கூடாது. தெரிஞ்சா நம்மள அறியாமலே நாம கேக்குற தொனி மாறும், அவங்க சொல்ற நம்பர் மாறும். பொய் சொல்லணும்னு யாரும் நினைக்க மாட்டாங்க, ஆனா எல்லாரும் சேர்ந்து ஒரு பொய்ய உண்டாக்கிருவோம். அதனால நீ கேக்கணும், எழுதணும். தலையாட்டக்கூட வேண்டாம்." அன்றைக்கு சக்திக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது, விடை என்னவென்று யாரும் முன்கூட்டியே தீர்மானிக்காத வேலை. இதை இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்று இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இல்லை, அது நிச்சயம். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் லேபில் நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டி, எத்தனை விநாடி என்று பார்த்து, கணக்குப் போட்டால் பூமியின் இழுப்பு ஒன்பது புள்ளி எட்டு என்று வர வேண்டும். வர வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு ஆட்டுகிறோம் என்று சக்திக்கு அன்றைக்கே புரியவில்லை. அவளுக்கு வந்தது ஒன்பது புள்ளி ஒன்று. மூன்று தடவை ஆட்டினாள், மூன்று தடவையும் அந்தப் பக்கம்தான். மற்ற முப்பத்தேழு பேருக்கும் ஒன்பது புள்ளி எட்டு, எட்டு ஒன்று, ஏழு ஒன்பது என்று அழகழகாக வந்தது. வராமல் என்ன, அவர்கள் விடையை முதலில் எழுதிவிட்டுப் பின்னாலிருந்து விநாடியைக் கண்டுபிடித்தார்கள். சார் அவள் நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "பூமி உனக்குன்னு தனியா இழுக்குதோ" என்றார். வகுப்பே சிரித்தது. மாத்தி எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுதேன் என்றார். வந்தத எழுதியிருக்கேன் சார் என்றாள். அவ்வளவுதான். மூன்று வாரம் கையெழுத்தில்லாமல் அந்த நோட்டு அலைந்தது, நாலாவது வாரம் அவள் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது படிப்பு. ஊரில் படிப்பு ஏறலை என்று சொல்லிக்கொண்டார்கள். அம்மா வீம்பு என்றாள். வீம்பாகவும் இருக்கலாம். நூல் சரியாகக் கட்டவில்லையோ என்னவோ, மேலே ஃபேன் வேறு ஓடியது, ஒன்பது புள்ளி ஒன்று தப்புதான், சந்தேகமே இல்லை. தப்பு எங்கே என்று சேர்ந்து தேடியிருந்தால் அவள் இன்னும் நாலு தடவை ஆட்டியிருப்பாள், நூலைப் பிரித்துக் கட்டியிருப்பாள். யாரும் தேடச் சொல்லவில்லை. மாற்றத்தான் சொன்னார்கள். அதற்குத் தப்பித்துத்தான் இங்கே வந்தாள், இங்கேயும் மாத்தி எழுது.

பூலம்மாள் அத்தை வந்துவிட்டாள். ஆறு பேரில் முதல் ஆள், நம்பர் சண்டைக்கெல்லாம் ஆகாத ஆள், யார் என்ன சொன்னாலும் சரி என்கிற ஆள். போன வாரம் ரெண்டு என்று சொல்லியிருந்தாள். வரிசையில் கடைசியாக நின்றவளைச் சக்தி பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். "அத்த, வலி இப்ப எத்தன சொல்லுங்க." பூலம்மாள் தட்டை இடுப்பிலிருந்து இறக்காமலே பார்த்தாள். "போன வாரந்தான பிள்ள சொன்னேன்." "திரும்பக் கேக்கச் சொன்னாவ." "ஏன், தப்பாச் சொல்லிட்டனோ?" இல்லத்த, அப்படியெல்லாம் இல்ல என்று சக்தி சொல்வதற்குள் அந்த முகம் மாறிவிட்டது. ரேஷன் கடையில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறபோது மாறுமே, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் நிமிர்ந்து பார்த்தால் மாறுமே, அந்த மாதிரி. "எத்தன சொல்லணும்னு நீயே சொல்லு தாயி, சொல்லிட்டுப் போறேன்." "நான் சொல்லக் கூடாதுத்த. ஒங்களுக்கு எப்படி இருக்கோ அத." "அப்பம் ஒரு அஞ்சு போடு. அஞ்சு போட்டா ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" அஞ்சு போட்டாள். பூலம்மாள் நிம்மதியாக வரிசைக்குப் போனாள். சக்தி அந்த அஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளுக்குள் இருக்கிற வலி ஒரு இம்மி நகரவில்லை, கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டாம் தடவை கேட்டது, ரெண்டு அஞ்சாகிவிட்டது. ஜெபக்கனி அக்கா, இதோ ஒங்க மருந்து வேலை செய்யுது பாருங்க. ஆறு பேரையும் இப்படிக் கேட்டால் போதும். சிவப்பு மூடியில் ஒரு சொட்டு மருந்துகூட வேண்டாம்.

அவள் அதைச் செய்யமாட்டாள். அடுத்து வந்த முப்பிடாதி அக்காவிடம் நம்பரை ஏறவிடக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். முப்பிடாதிக்குப் போன வாரம் மூணு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது, இன்னும் புது ஆள் மாதிரியே கூச்சப்படுவாள். "யக்கா, சும்மா ஒருதடவ கேட்டுக்கிடுதேன். வலி கொறஞ்சுதான இருக்கு?" முப்பிடாதி உடனே தலையாட்டினாள். "ஆமா பிள்ள, நல்லாக் கொறஞ்சிருக்கு. ரெண்டு போட்டுக்கோ." ரெண்டு. போன வாரத்தைவிட ஒன்று குறைவு. சக்திக்கு நெஞ்சுக்குள் தேன் ஊற்றியது போல இருந்தது. எப்படி, ஜெபக்கனி அக்கா, எப்படி. அந்தப் பெண் வரிசைக்குத் திரும்பும்வரை அந்த இனிப்பு இருந்தது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ரெண்டைப் பார்த்தாள். அப்புறம், யாரோ பின்னாலிருந்து சட்டென்று தண்ணீரை ஊற்றியதுபோல, தான் கேட்ட கேள்வி தன் காதிலேயே விழுந்தது. கொறஞ்சுதான இருக்கு. யார் அப்படிக் கேட்கச் சொன்னது? நாலு வாரம் நாற்பது பேரிடம், எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி, கிளிப்பிள்ளை மாதிரி கேட்டவள் அவள். எத்தனை என்று மட்டும். இன்றைக்கு ஏன் 'தான' சேர்ந்தது? ஏன் தலை வேறு ஆடியது, ஆடியதே, முப்பிடாதி ஆட்டுவதற்கு முன்னால் இவள் ஆட்டிவிட்டாளே. ஜெபக்கனிக்கு நம்பர் கூட வேண்டும். இவளுக்குக் குறைய வேண்டும். அவள் அந்தப் பக்கம் தள்ளுகிறாள், இவள் இந்தப் பக்கம் தள்ளுகிறாள், நடுவில் ஒருத்தியின் தோள்பட்டை, அது என்ன சொல்கிறது என்று யாருக்கும் அக்கறை இல்லை.

இதை ஒத்துக்கொள்வது கசப்பாக இருந்தது. உள்ளே செக்கர் குமாரசாமி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக இழுத்துப் போட்டுப் பீடியைக் கழித்துக்கொண்டிருந்தார். வாய் சரியாக மடிக்காதது, ஒல்லிப் பீடி, தூள் குறைந்தது, எல்லாம் தரையில். அவரைச் சக்திக்குச் சின்ன வயதிலிருந்து பிடிக்காது, அம்மாவின் தட்டில் எப்போதும் ஒரு குத்துப் பீடி கூடுதலாகக் கழியும். ஆறு பேரில் ஒருத்தியான தங்கபுஷ்பம் அத்தைக்கு அதிகம் கழியாது, அந்த வாயைக் கண்டு பயம். போன பங்குனியில் தங்கபுஷ்பம் ஒரு வேலை செய்தாள். கடைக்குள் நுழையும் முன்னே அம்மாவின் பீடியைத் தன் தட்டிலும் தன் பீடியை அம்மாவின் தட்டிலும் மாற்றி அடுக்கிவிட்டாள். குமாரசாமி பார்த்தார். அம்மா கையில் இருந்த தங்கபுஷ்பத்தின் பீடி வழக்கம்போல ஒரு குத்துக் கழிந்தது. தங்கபுஷ்பம் கையில் இருந்த அம்மாவின் பீடியில் மூணே மூணு. தங்கபுஷ்பம் அங்கேயே போட்டு உடைத்தாள், பீடியப் பாத்துக் கழிக்கேரா மூஞ்சியப் பாத்துக் கழிக்கேரா என்று. குமாரசாமி பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார், கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் கழிச்சேன் என்று. கண் கலங்கிக்கூட விட்டது அந்த ஆளுக்கு. நடிக்கிறான் என்று சக்தி வீட்டில் வந்து கத்தினாள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தால், அந்த ஆள் நடிக்கவே இல்லை. நிஜமாகவே அம்மாவின் தட்டில் அவருக்குக் கோணல் பீடிதான் தெரிந்திருக்கிறது. பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. திருட்டுத்தனமாக இருந்தால் பிடித்து அடிக்கலாம், இதை என்ன செய்வது. அந்த ஆளுக்குக் கண். அவளுக்கு நாக்கு. நாக்கு மட்டும்தானா, காதும்.

காதையும் நம்ப முடியாதென்றால், போன நாலு வாரத்து நம்பரெல்லாம் சுத்தம் என்று யார் சொன்னது? இரண்டாம் வாரமே அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது, சிவப்புதான் மருந்தாக இருக்கும் என்று, சிவப்புக்காரிகள் ரெண்டு பேர் சிரித்த முகமாக வந்தார்கள் என்பதற்காக. அந்த எண்ணம் வந்த பிறகு சிவப்புக்காரி ஆறோ ஏழோ என்று இழுத்தபோது ஆறை எழுதினாளா, ஏழை எழுதினாளா? வெள்ளை மூடிக்காரி இழுத்தபோது? நினைவில்லை. எத்தனை முட்டினாலும் நினைவில்லை. மூடிக்கு நிறம் போட்டதே தப்பு. ரெண்டே ரெண்டு நிறம் போட்டால் எந்த மடச்சியும் எது நல்லது என்று ஊகிக்கத்தான் செய்வாள். நாற்பது பாட்டிலுக்கும் நாற்பது வேறு வேறு நம்பரை ஒட்டி, எந்த நம்பர் எது என்ற பட்டியலைக் கடைசிவரை திறக்காத உறைக்குள் போட்டு, ஜெபக்கனி அக்காவுக்கும் காட்டாமல் மேடம் பூட்டி வைத்திருந்தால் இந்தப் பெஞ்சில் இப்படி உட்கார வேண்டியிருந்திருக்காது. நம்பரை எல்லாம் சேர்த்து முடிக்கும் முன்னால் அக்காவுக்கு அந்தப் பட்டியல் எதற்கு. பதினெட்டு வயசுக்காரி, படிப்பை விட்டவள், அவளுக்கு இது தோன்றுகிறது, இவ்வளவு படித்தவர்களுக்குத் தோன்றவில்லையா, இல்லை தோன்றியும் சோம்பலா. கோபம் மறுபடி மேலே ஏறியது, ஏறியது நல்லதாக இருந்தது, அந்தச் சந்தேகத்துக்கு அது எவ்வளவோ தேவலை. தும்மினாள்.

தங்கபுஷ்பத்துக்கு எட்டு, ஏழு, அஞ்சு, மூணு. நாலு வாரத்தில் வரிசையாக இறங்கியது, ஜெபக்கனியை அதிகம் இடித்த நம்பர் அதுவாகத்தான் இருக்கும். கடைசி வாரம் அத்தை வெறும் நம்பர் சொல்லவில்லை, எழுந்து நின்று ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போட்டுக் காட்டினாள். "ரெண்டு வருசமா எம்மவதான் தல பின்னி விடுவா. இந்தா பாரு, நானே போடுதேன்." ஆனால் அவள் தேய்த்தது வெறும் எண்ணெய். அப்படியென்றால் அந்தக் கொண்டை பொய்யா? அத்தையின் மகள் தினம் சாயங்காலம் உட்கார்ந்து கால் மணி நேரம் அழுத்தித் தேய்த்துவிட்டாள், அதுவாக இருக்கலாம். இருபது வருஷத்தில் யாரும் உன் தோள் எப்படியிருக்கிறது என்று கேட்காதவளை வாரா வாரம் ஒருத்தி தேடிவந்து கேட்டாள், அதுவாகவும் இருக்கலாம். அதற்கெல்லாம் தாளில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை இடிக்குது என்று சொன்னால் எப்படி. நாற்பது பேரில் வெள்ளை மூடிக்காரிக்கும் குறைந்தது என்றால் குறைந்தது என்று எழுது, மருந்து அதைவிடக் கூடுதலாகக் குறைத்ததா என்று பார், இல்லையென்றால் இல்லையென்று சொல்லு. நாளைக்கு இந்தப் பாட்டிலை ஊர் ஊராக விற்பார்கள், வாங்கப்போவது இந்தத் தோள்பட்டைகள்தான், மேடத்தின் தோள்பட்டை இல்லை.

அவள் தாளைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டு, அஞ்சையும் ரெண்டையும் ஒரே கோட்டில் அடித்தாள். தனக்குப் பிடித்த ரெண்டை அடிக்கும்போது பேனா கொஞ்சம் தயங்கியது, தயங்கியதைப் பார்த்து இன்னும் அழுத்தி அடித்தாள். கீழே எழுதினாள். ஆறு பேரை மட்டும் திரும்பக் கேட்கச் சொன்னார்கள். ஆறும் வெள்ளை மூடி. அதிலிருந்து எது மருந்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெண்டு பேரிடம் இன்று நான் கேட்ட விதம் சரியில்லை. ஒன்று பயந்து சொன்னது, ஒன்று நான் சொல்லவைத்தது. ரெண்டும் செல்லாது. இரண்டாம் வாரத்திலிருந்தே எனக்கு ஊகம் இருந்தது, அதனால் அந்த நம்பர்களையும் எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பாருங்கள். கடைசி வரியை அடித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அது அவளையே குத்துகிற வரி, அது இல்லாவிட்டால் தப்பெல்லாம் ஜெபக்கனி மேல்தான். அடிக்கவில்லை. படம் எடுத்து நேராக நாச்சியார் மேடத்துக்கு அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் ஜெபக்கனி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, அழுகை மாதிரி ஏதோ இருந்தது. "என்ன பிள்ள இப்படிப் பண்ணிட்ட. மேடம் எனக்குப் போன் போட்டாங்க. நான் என்ன தப்பாவா சொன்னேன், சரிபாக்கத்தான சொன்னேன்."

"சரிபாக்கணும்னா நாப்பது பேரையும் பாக்கணும்க்கா. வேண்டாதத மட்டும் பாத்தா அதுக்குப் பேரு சரிபாக்குறதா?"

"அவ்வளவு வித்தியாசமா இருந்துச்சு, தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நெசமாத்தான் நெனச்சேன் சக்தி."

"தெரியும்க்கா." அது தெரிந்ததுதான் தாங்கமுடியாமல் இருந்தது. திட்டுவதற்கு வசதியாக அக்கா ஒரு கள்ளியாக இருந்திருக்கக் கூடாதா. "இந்த ஊரப் பத்தித் தெரியாத ஆளா அனுப்புங்க. எந்த மூடி எதுன்னு தெரியாத ஆளு. மூடியக்கூடப் பாக்கக் கூடாது. எல்லாரையும் மொதல்லேருந்து கேக்கட்டும்."

"மேடமும் அதத்தான் சொல்றாங்க. மொத்தத்தையும் திரும்ப நடத்தணுமாம். உன்னப் பத்தி நல்லாத்தான் பேசுனாங்க. ஆனா இனிமே நீ கேக்க முடியாது, அது உனக்குப் புரியுதுல்ல? அடுத்த ஊருக்கும் இதே எண்ணெதான். உன் பேரத்தான் குடுத்திருந்தேன்."

புரியாமல் என்ன. எழுதும்போதே புரிந்துதான் இருந்தது, ஆனால் அடுத்தவர் வாயால் கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது, கன்னத்தில் ஒன்று விழுந்ததுபோல. ஒழுங்காகச் செய்தவளுக்குத்தான் வேலை போகும், மாத்தி எழுதியிருந்தால் இருந்திருக்கும். இது என்ன நியாயம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நியாயம்தான், அதுதான் கொடுமை. இனிமேல் அவள் எந்தத் தோள்பட்டையிடம் எத்தனை என்று கேட்டாலும் ஒரு பக்கமாகத்தான் கேட்பாள்.

"எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சேக்கா. என்னால இனிமே தெரியாம இருக்க முடியாது" என்று வைத்துவிட்டாள்.

நிமிர்ந்தால் தங்கபுஷ்பம். முன்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "என்னட்டி, பூலம்மாட்ட கேட்டியாம், முப்பிடாதிட்ட கேட்டியாம். என்ட்ட கேக்க மாட்டியோ. நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

"இனிமே யார்ட்டயும் கேக்கலத்த. கேட்டதையும் அடிச்சிட்டேன்."

"நான் மூணுன்னு சொன்னேன்லா, அது?"

"அத நான் தொடல. நீங்க சொன்னது சொன்னபடியே இருக்கு."

"அப்பம் இன்னைக்கு எவ்வளவுன்னு சொல்லுதேன், அதையும் எழுதிக்கோ."

"வேண்டாம்த்த. என்ட்ட சொல்லாதிய. வேற ஒரு ஆளு வரும், அதுட்ட சொல்லுங்க. அது என்ன கேட்டாலும் பயப்படாம, இருக்கத மட்டும் சொல்லுங்க."

"நான் யாருக்குட்டி பயந்தேன்" என்று சிரித்துவிட்டு, ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தங்கபுஷ்பம் வரிசைக்கு நடந்தாள். தட்டு வலது இடுப்பில் இருந்தது. வலதுதான் அவளுக்கு வலிக்கிற பக்கம். நாலு எட்டு வைப்பதற்குள் இடது பக்கம் மாற்றுவாளா, அப்படியே போவாளா, மாற்றினால் வலி இருக்கிறது, மாற்றாவிட்டால் இல்லை. சக்தியின் கழுத்து தானாகத் திரும்பியது. மாற்றக்கூடாது என்று உள்ளே ஒரு குரல் கிடந்து அடித்துக்கொண்டது, மாத்தாதிய அத்த, மாத்தாதிய. பார்த்தால் அதற்கு வேண்டியதுதான் தெரியும். அவள் பெஞ்சின் மேலேயே காலைத் தூக்கிப்போட்டு மறுபக்கம் திரும்பி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னால் தட்டு இறங்குகிற சத்தம் கேட்கிறவரைக்கும் திரும்பவில்லை.